கழற்றியாச்சே, அதோட இதையும் பார்த்துடலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் 1972 மாடல் எம்.ஜி.பி. ஜி.டி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 6,500 பவுண்டுக்கு வாங்கினேன். இதுவரை 9,000 செலவாகிவிட்டது: கிளட்ச் வேலை 2,900, பெயின்ட் 3,200, கம்பிச் சக்கரங்கள் 1,500, எலக்ட்ரிக்கல் 1,100, சில்லறை 300. இதில் 7,200 கிரெடிட் கார்டில் நிற்கிறது. வட்டி 24 சதவீதம், மாதம் 200 கட்டுகிறேன். இப்போது கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ இரண்டு பக்கமும் துருப்பிடித்து ஓட்டை, 6,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். வீட்டுக் கடனில் 15,000 கூடுதலாக வாங்கி முழுசாக முடித்தால் 25,000-க்குப் போகும், லாபத்துக்கு வரியும் கிடையாது என்கிறார் மைத்துனர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சில்லுக்கு அப்புறம் வருவோம், முதலில் கிளட்ச். இந்தக் காரில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கிக் கிளட்ச் மாற்ற வழியில்லை. எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். பிளேட், கவர், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 1,200 பவுண்டை ஒட்டி முடிந்திருக்க வேண்டிய வேலை. 2,900 ஆனது எப்படி? ‘எஞ்சின்தான் வெளியே இருக்கே, அதோட இதையும் பார்த்துடலாம்’ என்றிருப்பார்கள், நீங்களும் கார்டை நீட்டியிருப்பீர்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது பின்பக்க ஆயில் சீலையும் மவுண்ட் ரப்பர்களையும் மாற்றுவது நியாயம். மறுபடி தூக்கினால் அதே கூலியை இன்னொரு தடவை அழ வேண்டும். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

இந்தப் பழக்கத்துக்குத்தான் நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். 7,200-க்கு மாதம் 144 வட்டி. நீங்கள் கட்டும் 200-ல் அசலுக்குப் போவது 56.

பெயின்ட்டை சில்லுக்கு முன்னால் அடித்தது இரண்டாவது கோளாறு. எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, சில்தான் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்ளே அடிப்பகுதித் தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். வெளித்தகடு முன் விங்குக்கும் பின் விங்குக்கும் (சக்கரங்களை மூடியிருக்கும் பக்கத் தகடுகள்) உள்ளே நுழைந்து போவதால், விங்குகளின் கீழ்ப்பகுதியை வெட்டாமல் முழுசாக மாற்ற முடியாது. வெல்டிங் சூட்டில் புதுப் பெயின்ட் கருகும். 40 வருடம் தாண்டிய கார், எம்.ஓ.டி. என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்பதால் அடியில் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்டால் செய்து தருவார்கள். கட்டணம் 55 பவுண்டுக்குள். 3,200-க்கு முன்னால் அந்த 55-ஐச் செலவழித்திருக்க வேண்டும்.

மெக்கானிக் கேட்கும் 6,000 அநியாயம் இல்லை. அதில் வாட் என்ற விற்பனை வரி 1,000 போனால் 5,000. தகடும் பெயின்ட்டும் 700 என்று வையுங்கள். மிச்சம் 4,300, மணிக்கு 65 வீதம் சுமார் 66 மணி நேர வேலை. இரண்டு பக்கத்துக்கும் அவ்வளவு ஆகும். ‘800-க்கு முடிச்சுத் தரேன்’ என்று ஒருவர் வருவார். துருவின் மேலேயே புதுத்தகட்டைப் போர்த்தி ஒட்டுகிற வேலை அது. உள்ளே அரிப்பது தொடரும். ஒழுங்காகச் செய்பவர் கதவைக் கழற்றாமல், காருக்குச் சரியாக முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டுவார். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து, கதவு மேலே இடிக்கும்.

இனி மைத்துனர் கணக்கு. 15,000-க்கு 5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் 99. மொத்தம் 23,760 கட்டுவீர்கள். ஏற்கெனவே போட்ட 15,500-ஐச் சேர்த்தால் 39,000-க்கு மேல். நல்ல நிலையில் இருக்கும் ஜி.டி. பத்தாயிரத்துக்குச் சற்று முன்பின் விற்கிறது. 25,000 கேட்பவர்கள் இருக்கலாம், கொடுப்பவர்கள் வேண்டுமே! காரை விற்ற லாபத்துக்கு வரி இல்லை என்பது சரிதான். அதற்கு முதலில் லாபம் வர வேண்டும்.  

கார்டு பாக்கியை வட்டியில்லாத மாற்றுக் கார்டுக்கு மாற்றுங்கள். கட்டணம் 3 சதவீதம் என்றால் 216, மொத்தம் 7,416. இப்போது கட்டும் 200-உடன், புதுக்கடனுக்குக் கட்டத் தயாராக இருந்த 99-ஐயும் சேர்த்து மாதம் 300 போட்டால் 25 மாதத்தில் தீரும். வட்டியில்லாத சலுகைக் காலம் அதற்கு முன்பே முடிந்துவிடாத கார்டாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் அதே 300-ஐச் சேர்த்தால் பத்து மாதத்துக்கு ஒரு பக்க சில். பொறுக்க முடியாது என்றால், துருவை மறைக்காமல் சொல்லி இப்படியே விற்றுவிடுங்கள். கார்டு பாக்கியில் பாதிகூடத் தேறாமல் போகலாம்.

வைத்துக்கொள்வதானால், சாலையில் ஓடாத வண்டி என்று அரசிடம் அறிவித்துவிட்டு (இலவசம்), ஈரமில்லாத கராஜில் நிறுத்துங்கள். டேங்கில் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த) பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.