ஹார்மோனிக் பேலன்சர்: ஏற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. ஹூஸ்டனில் இருக்கிறோம். பதினேழு வயது மகளும் நானும் வீட்டு கராஜில் முதன்முதலாக ஓர் இன்ஜின் கட்டுகிறோம். 1978ஆம் வருடத்து செவ்ரலே 350 (கன அங்குலம்) பிளாக். அதை 383 ஆக்கும் கிராங்க், ராடு, பிஸ்டன் செட்டை வாங்கிப் போட்டு, டைமிங் கவர் வரை முடித்துவிட்டோம். ஹார்மோனிக் பேலன்சர்தான் பாக்கி. கடையில் "350க்கு" என்று கேட்டு வாங்கி வந்தது, கையால் அழுத்தினால் கால் அங்குலம்கூட ஏறவில்லை. மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டால் போய்விடும் என்கிறார் நண்பர். போடலாமா? ஏற்றும் கருவியைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சுத்தியலைத் தொடாதீர்கள். கருவி கிடைத்தாலும் உடனே ஏற்றிவிடாதீர்கள். கிராங்க் மூக்கில், அதாவது கிராங்க் தண்டின் முன்முனையில், ஒருமுறை ஏறி இறங்கிய பேலன்சரைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. எனவே, நீங்கள் வாங்கியது உங்கள் இன்ஜினுக்கு உரியதுதானா என்பதைப் பெட்டியும் ரசீதும் கையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

"350க்கு" என்று கேட்டு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அங்கேதான். நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் கிராங்க் புல்லி என்றே சொல்லிவிடும் இந்தப் பாகத்துக்குப் பெயரில் பேலன்ஸ் இருந்தாலும், அடிப்படை வேலை அதிர்வை அடக்குவது. எட்டு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு சிலிண்டர்கள் எரிந்து தள்ளுகின்றன. 3000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 200 தள்ளல். ஒவ்வொரு தள்ளலும், துணியைப் பிழிவதுபோல, கிராங்க்கை இம்மியளவு முறுக்கிவிடும். எஃகு உடனே திரும்பி நிமிரும். இந்த முறுக்கலும் நிமிர்தலும் கிராங்க்கின் இயல்பான அதிர்வோடு தாளம் சேர்ந்துவிட்டால், நாளடைவில் கிராங்க்கே முறியலாம். பேலன்சரின் நடுவில் ஹப், அதைச் சுற்றி ரப்பர், வெளியே கனத்த இரும்பு வளையம். ஹப் கிராங்க்கோடு சேர்ந்து துடிக்கும். வளையம் தன் கனத்தால் சீராகச் சுற்றப் பார்க்கும். இடையில் அகப்பட்ட ரப்பர் அந்தத் துடிப்பை வெப்பமாக்கிக் கரைத்துவிடும்.

சில இன்ஜின்களில் இதே பாகத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு. கிராங்க்கின் எதிர்எடை முழுவதையும் கிராங்க்கிலேயே வைக்க இடம் போதாதபோது, ஒரு பகுதியை முன்னால் பேலன்சரிலும் பின்னால் ஃப்ளைவீலிலும் வைப்பார்கள். செவ்ரலே 400 அப்படிப்பட்டது. 350 அப்படியல்ல, அதன் பேலன்சரில் கூடுதல் எடை கிடையாது. 1986 முதல் வந்த 350களில்கூட எடை சேர்ந்தது பின்பக்கம் மட்டும்தான். உங்கள் 383 பிறந்ததே 400இன் ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை) 350 பிளாக்கில் வைத்ததால். இன்று விற்கும் 383 செட்டுகள் இரண்டு வகையாகவும் கிடைக்கின்றன: பேலன்ஸை உள்ளேயே முடித்தவை, வெளி எடையை நம்பியிருப்பவை. முன்னதற்கு 350இன் பேலன்சர் பொருந்தும். பின்னதற்கு 400இன் வகையைச் சேர்ந்த எடை வைத்த பேலன்சரும், அதற்கேற்ற ஃப்ளைவீல் அல்லது (ஆட்டோமேட்டிக் கியர் என்றால்) ஃப்ளெக்ஸ்பிளேட்டும் வேண்டும். மாற்றிப் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே இன்ஜின் உதறும். ஓட்ட ஓட்டப் பேரிங்குகளைத் தின்றுவிடும். கிராங்க் செட்டை விற்றவரிடம் இது எந்த வகை என்று ஈமெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். போனில் சொன்ன வார்த்தை பிறகு வழக்காகும்.

அடுத்தது அளவு. கையால் ஏறாதது நல்ல அறிகுறி. ஹப்பின் துளை கிராங்க் மூக்கைவிடப் பொதுவாக 0.0005 முதல் 0.0015 அங்குலம் வரை சிறிதாக இருக்க வேண்டும். தலைமுடியின் பருமனில் பாதிகூட வராத இந்த இறுக்கம்தான் கிராங்க்கின் துடிப்பை ஹப்புக்குள் கொண்டுபோகிறது. அதைச் சாவியும் (மூக்கின் பள்ளத்தில் உட்காரும் சிறு எஃகுத் துண்டு) போல்ட்டும் செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மைக்ரோமீட்டரும் போர் கேஜும் இல்லையென்றால் பேலன்சரையும் கிராங்க்கின் அளவையும் பக்கத்து மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். இறுக்கம் அதிகம் என்றால் துளையை ஹோன் செய்து (இம்மியளவு தேய்த்துப் பெரிதாக்கி) தருவார்கள். தளர்வு என்றால் யோசிக்காமல் கடைக்குத் திருப்புங்கள்.

சுத்தியல் ஏன் ஆகாது? ஒவ்வொரு அடியும் கிராங்க்கைப் பின்னால் தள்ளி, கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும், பிளாக்கின் கடைசியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்கில் இறங்கும். வெளி வளையத்தில் அடி பட்டால் ரப்பரின் பிடியும் போகும். பேலன்சர் போல்ட்டையே முறுக்கி உள்ளே இழுக்கலாம் என்று வேறு சிலர் சொல்வார்கள். அதையும் செய்யாதீர்கள். என் முதல் இன்ஜினில் நான் அதைத்தான் செய்தேன். போல்ட் மூக்கின் நாலைந்து மரையை மட்டுமே பிடித்திருந்தது. பாதி தூரத்தில் அந்த மரைகள் உதிர்ந்து போல்ட்டோடு வெளியே வந்தன. கட்டி முடித்த இன்ஜினைப் பிரித்து, கிராங்க்கைக் கழற்றி மெஷின் ஷாப்புக்கு அனுப்பினேன். இரண்டு மாத உழைப்பு ஒரே மாலையில் போனது.

ஏற்றும் கருவியை விலைக்கு வாங்கத் தேவையில்லை. ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு கருவியை இரவல் தருவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் முழுவதும் திரும்பி வரும். உங்கள் கிராங்க்குக்கு 7/16-20 மரை கொண்ட தண்டு வேண்டும். தண்டை மூக்குக்குள் முடிந்தவரை ஆழமாகத் திருகுங்கள். மூக்கில் சாவி உட்கார்ந்திருக்கிறதா, பிசிறு இல்லையா என்று பார்த்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். டைமிங் கவரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலின் உதட்டுக்கும் எண்ணெய் அவசியம். சாவிப் பள்ளத்தில் சிலிகான் ஒரு பொட்டு வையுங்கள், எண்ணெய் அந்த வழியாகக் கசியாது. தண்டை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுழற்றினால் பேலன்சர் நேராக ஏறும். மகள் பிடிக்கட்டும், நீங்கள் சுழற்றுங்கள். நாலு கை இருந்தால் எளிது. டைமிங் கியரில் முட்டியதும் நட்டு சட்டென்று கடினமாகும், நிறுத்திவிடுங்கள். பிறகு கனத்த வாஷருடன் போல்ட்டைப் போட்டு 60 பவுண்டு-அடி முறுக்குங்கள். கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை ஏற்றும் முன்பு அளந்து எழுதி வைத்திருந்தால், ஏற்றிய பின்பும் அதே எண் வர வேண்டும்.

இக்னிஷன் டைமிங் வைக்கப் பேலன்சரின் விளிம்பில் இருக்கும் டைமிங் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 1968 வரையிலான செவ்ரலே பேலன்சர்களில் கோடு சாவிப் பள்ளத்துக்கு 2 டிகிரி முன்னால் இருக்கும். 1969 முதல் 10 டிகிரி. எட்டு அங்குலப் பேலன்சருக்கும் சிறியதற்கும் டைமிங் டேப்பும் (tab, கோட்டுக்கு நேரே டிகிரி காட்டும் தகடு) வேறு. முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) திருகி, கிராங்க்கைக் கையால் இரு பக்கமும் முட்டும்வரை சுழற்றி, இரண்டு இடத்திலும் குறியிடுங்கள். இரண்டுக்கும் நட்டநடுவே பிஸ்டனின் உண்மையான மேல்முனை. டேப்பில் பூஜ்யம் அங்கே வராவிட்டால் டேப்பைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: பழைய வண்டியிலிருந்து கழற்றிய பேலன்சர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. துரு மட்டும்தான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: துரு பெரிய விஷயமில்லை. ரப்பரைப் பாருங்கள். வெடிப்பு, பிதுக்கம், எண்ணெயில் ஊறிய மென்மை இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். வெளி வளையம் ஹப்பின் மேல் வழுக்கி நகர்ந்திருக்கலாம். அப்படி நகர்ந்திருந்தால் டைமிங் கோடு பொய் சொல்லும்; இக்னிஷன் டைமிங்கை நீங்கள் எவ்வளவு கவனமாக வைத்தாலும் தவறாகவே அமையும். சீல் உரசும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் மெல்லிய எஃகு உறை ஒன்றை அதன்மேல் ஏற்றிச் சரிசெய்யலாம். அது சிறு செலவுதான். ரப்பர் முதுமைக்கு அப்படியொரு எளிய மருந்து இல்லை. புது இன்ஜினுக்கு நாற்பது வருட ரப்பரை நான் போட மாட்டேன்.

கேள்வி: வாரண்டி பற்றிக் கடையில் கேட்டால் "பொருத்திய பிறகு பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள்" என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, 15 டாலருக்கு மேல் விலையுள்ள நுகர்பொருளுக்கு எழுத்து வாரண்டி இருந்தால், வாங்கும் முன்பே படித்துப் பார்க்கும் வசதியை விற்பவர் தர வேண்டும். கேட்டு வாங்கிப் படியுங்கள். தவறாகப் பொருத்தியதால் வரும் சேதம், பந்தயப் பயன்பாடு இரண்டையும் விலக்கும் வரிகள் இருக்கின்றனவா என்று முக்கியமாகப் பாருங்கள். ஏற்றும் முன் துளையின் அளவையும் ரப்பரையும் படம் எடுத்து வைத்தால், பிறகு பேச்சு எழும்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

கேள்வி: எஸ்.எஃப்.ஐ. 18.1 (பந்தயப் பேலன்சர்களுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா? விலை பல மடங்கு.

பதில்: தெருவில் ஓட்டும் வண்டிக்குக் கட்டாயம் இல்லை. என்.எச்.ஆர்.ஏ. (அமெரிக்க ட்ராக் பந்தய அமைப்பு) ட்ராக்கில் கால் மைலை 10.99 நொடியிலோ அதைவிட வேகமாகவோ ஓடினால் கட்டாயம். அந்த வேகத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதே அதை வாங்கிவிடுங்கள். பிறகு மாற்றுவதென்றால் ரேடியேட்டரையும் பெல்ட்டுகளையும் கழற்றி, இதே வேலையை வண்டிக்குள் குனிந்து நின்று செய்ய வேண்டிவரும்.