வெள்ளைக் கலங்கலுக்கு டிஎன்ஏ காரணமில்லை

கேள்வி: டிஎன்ஏ இழையை அச்சாக வைத்து வெள்ளி நானோ கம்பி செய்ய முயல்கிறேன். சில்வர் நைட்ரேட் விட்டதுமே கரைசல் வெண்மையாகக் கலங்குகிறது, சற்று நேரத்தில் சாம்பலாகிவிடுகிறது. நுண்ணோக்கியில் உருண்டைகள்தான் தெரிகின்றன, கம்பியைக் காணோம். டிஎன்ஏ தரமில்லை, 'உலோகப் பூச்சுக்கென்றே தயாரித்த' டிஎன்ஏ வாங்குங்கள் என்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டிஎன்ஏ மேல் தப்பில்லை. உங்கள் பஃபரில், அதாவது டிஎன்ஏவைக் கரைத்து வைக்கும், பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில், குளோரைடு இருக்கிறது.

டிஎன்ஏவின் முதுகெலும்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. வெள்ளி அயனி நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால் அது இழையின் மேல் போய் உட்காரும். கம்பி செய்வதற்கு ஆதாரமே இதுதான். ஆனால் வழியில் குளோரைடைக் கண்டால் அதோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் தூளாக விழுந்துவிடும். வெளிச்சம் பட்டதும் அந்தத் தூள் கருக்கிறது. நீங்கள் பார்த்த சாம்பல் நிறம் இதனால் வந்ததுதான்.

இப்போதே சோதித்துப் பாருங்கள். டிஎன்ஏ இல்லாமல் பஃபரை மட்டும் ஒரு சின்னக் குழாயில் எடுத்து, இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு, கறுப்புத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள். பால் கலந்த மாதிரி ஆனால் குற்றவாளி பஃபர்தான்.

குளோரைடு எங்கிருந்து வருகிறது? டிஎன்ஏ ஓரிகாமி (டிஎன்ஏ இழையை மடித்து உருவங்கள் அமைப்பது) செய்கிறவர்கள் வழக்கமாகச் சேர்க்கும் 12.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடில் மட்டுமே 25 மில்லிமோலார் குளோரைடு இருக்கிறது. அதில் 1 மில்லிமோலார் வெள்ளியை விட்டால் ஏறக்குறைய அத்தனையும் வீண். அதற்குப் பதில் மெக்னீசியம் அசெட்டேட் போடுங்கள். ட்ரிஸ் என்ற பஃபர் வேதிப்பொருளின் கரைசலில் பிஎச்சை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சரிசெய்யாதீர்கள், அசெட்டிக் அமிலம் போதும். பிஎச் மீட்டரின் எலெக்ட்ரோடுக்குள் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, அது மெல்லக் கசியும். அதனால் அதை முழுப் பாட்டிலுக்குள் விடாமல், கொஞ்சம் தனியே ஊற்றி அளந்துவிட்டு அதைக் கொட்டிவிடுங்கள். என் மாணவர் ஒருவர் இந்தக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் அலைந்தார். கட்டுரைகளில் எந்த அமிலத்தால் சரிசெய்தோம் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? 'பஃபரில் கரைத்தோம்' என்று முடித்துவிடுகிறார்கள். விலை கூடிய டிஎன்ஏவுக்கு உடனே கையெழுத்துப் போடும் கொள்முதல் குழு, ஒரு பாட்டில் அசெட்டேட் உப்புக்கு மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது. முகவர்கள் புகுந்து விளையாடும் இடம் இதுதான்.

இதை வைத்து, குளோரைடு எல்லா உலோகத்துக்கும் விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கத்தின் கதை வேறு. தங்கம் சேர்க்கப் பயன்படுத்தும் குளோரோஆரிக் அமிலத்தில் தங்கமே நான்கு குளோரைடுகளின் பிடியில்தான் இருக்கிறது. அங்கே குளோரைடைத் தேடி விரட்டுவது வீண் வேலை. அந்தத் தங்க அயனி எதிர்மின்னேற்றம் கொண்டது, டிஎன்ஏவும் அப்படியே, இரண்டும் விலகிப்போகும் என்பதுதான் அங்கே சிக்கல். அதனால் தயோல் (தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் கந்தகத் தொகுதி) கோத்த குட்டி டிஎன்ஏ ஒட்டிய தங்கத் துகள்களை முதலில் இழையில் பிணைத்து, அவற்றை விதையாக வைத்து வளர்ப்பார்கள். தங்கத்துக்கு மாறினால் உங்கள் பழைய பஃபரைக் கொட்ட வேண்டாம். வெள்ளியோடு இருக்கும்வரை கொட்டியே ஆக வேண்டும்.

உருண்டைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளியையும் ஒடுக்கியையும் (அயனியை உலோகமாக்கும் பொருள்) ஒன்றாக ஊற்றினால் உலோகம் கரைசலிலேயே திரண்டுவிடும். 1998இல் எரெஸ் பிரவுன் குழு, 12 மைக்ரோமீட்டர் இடைவெளியில் கட்டிய டிஎன்ஏ மேல் முதலில் வெள்ளி அயனியை ஏற்றி, காரத்தன்மையுள்ள ஹைட்ரோகுயினோன் என்ற ஒடுக்கியால் விதைகளாக்கி, பிறகு மங்கிய வெளிச்சத்தில் அமிலக் கரைசலில் வளர்த்தது. நீங்களும் அயனி ஏற்றியபின் கழுவிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அவர்களுக்குக் கிடைத்த கம்பியே சுமார் 100 நானோமீட்டர் தடிமன், டிஎன்ஏவைப் போல 50 மடங்கு. குறைந்த மின்னழுத்தத்தில் அது மின்சாரம் கடத்தவும் இல்லை. 'இரண்டே நானோமீட்டர் கம்பி உத்தரவாதம்' என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பஃபர் தெளிவாக இருந்தும் டிஎன்ஏ சேர்த்த பிறகு மட்டும் கலங்கினால், டிஎன்ஏ குழாயின் லேபிளைப் படியுங்கள். கடையில் வரும் லாம்டா டிஎன்ஏ (லாம்டா என்ற வைரஸின் நீண்ட டிஎன்ஏ) பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த ட்ரிஸ் கரைசலிலேயே கரைத்து வருகிறது. முகவர் சொல்லும் டிஎன்ஏவும் அதே கரைசலில் வந்தால் இதே கலங்கல்தான் மறுபடியும் வரும். இருக்கும் டிஎன்ஏவையே அசெட்டேட் பஃபருக்கு எதிரே ஓர் இரவு டயாலிசிஸ் செய்யுங்கள் (டிஎன்ஏவை உள்ளே நிறுத்தி, உப்பை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைப்பது), நடுவில் இரண்டு முறை பஃபரை மாற்றுங்கள்.