துக்கம் நுரையீரலில் தங்குமா? முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், இடுப்பு வலி. தோழி ஒருவர் என்னை 'உடல் நினைவு விடுவிப்பு' நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். துக்கம் நுரையீரலிலும் பயம் சிறுநீரகத்திலும் தேங்கியிருக்கிறதாம், சீன மருத்துவமும் யூதர்களின் ஞானமும் இதையே சொல்கிறதாம். பத்து அமர்வுக்கு 1,800 வெள்ளி முன்பணம் கேட்கிறார்கள். இதயம் இருக்கும் பக்கம் என்று இடக்கையில் சுற்றிக்கொள்ள ஒரு கறுப்புத் தோல் வாரும் தந்தார்கள். பணம் கட்டலாமா? — வாசகி, ஈஷூன், சிங்கப்பூர்

பதில்: கட்டாதீர்கள். முதலில் இருமலைக் காட்டுங்கள். மூன்று வாரம் தாண்டினாலே காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இருமலை எட்டு மாதம் வைத்திருக்கிறீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அதில் ஒரு வகை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் நின்றுவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம். 'மன அழுத்தம்தான்' என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டால் மறுபடியும் போய்க் கேளுங்கள். அந்த ஐந்து நிமிட அவசரம்தான் நல்ல மனிதர்களை இப்படிப்பட்ட நிலையங்களின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சரி, அவர்கள் சொன்னது முழுப் பொய்யா? பாதி உண்மை. அதனால்தான் நன்றாக விலைபோகிறது. சீன மருத்துவத்தின் மூல நூலான ஹுவாங்தி நெய்ஜிங், துக்கத்தை நுரையீரலோடும் பயத்தைச் சிறுநீரகத்தோடும் கோபத்தைக் கல்லீரலோடும் சேர்த்துத்தான் பேசுகிறது. ஆனால் குடோனில் சரக்கு கிடப்பதுபோல அங்கே துக்கம் கிடக்கிறது என்று அது சொல்லவில்லை. 'சீ' என்கிற உயிர்விசையின் போக்கைத்தான் சொல்கிறது. கோபத்தில் அது மேலே ஏறும், பயத்தில் கீழே இறங்கும், ஓயாத யோசனையில் முடிச்சு விழும், துக்கத்தில் கரைந்து குறையும். குறையும் என்பதைக் கவனியுங்கள். குறைந்துபோன ஒன்றில் எதை வெளியேற்றுவது? படித்த சீன மருத்துவர் நாடியில் மூன்று விரல் வைத்து, நாக்கைப் பார்த்து, வலு சேர்க்கத்தான் வழி தேடுவார்.

நினைவைப் பற்றியும் அதே நூல் பேசுகிறது. அடங்காத கோபம் சிறுநீரகத்தைத் தாக்கினால், தான் முன்பு சொன்ன பேச்சையே ஒருவர் மறந்துவிடுவார் என்கிறது. அங்கே பேச்சு நினைவில் வைக்கும் திறனைப் பற்றியது. உங்கள் அம்மாவைப் பற்றிய நினைவு இடுப்பில் ஒட்டியிருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. 1830-லேயே வாங் சிங்ரென் என்ற சீன மருத்துவர், நினைவு இருப்பது இதயத்தில் அல்ல, மூளையில் என்று எழுதிவிட்டார். பேக்கேஜ் விற்பவர் இந்தப் பெயரை உச்சரிக்கவே மாட்டார்.

அடுத்து அந்த வார். யூதர்களின் தெஃபிலினைப் பார்த்துச் செய்த போலி அது. அசலில் வாரோடு ஒரு கறுப்புத் தோல் பெட்டி இருக்கும். அதற்குள் யூத வேதமான தோராவின் நான்கு பகுதிகளைத் தோல்சுருளில் கையால் எழுதி வைத்திருப்பார்கள். மரபுப்படி ஆண்கள் காலைத் தொழுகையில் கட்டுவது. முன்கையில் ஏழு சுற்று. அவிழ்த்த பிறகும் கொஞ்ச நேரம் சதையில் தடம் தெரியும். பெட்டி இதயத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் இடக்கைப் பழக்கம் உள்ளவர் வலக்கையில்தான் கட்ட வேண்டும். இரண்டு கையும் சமமாகப் பழகியவர் இடக்கையில் கட்டலாம். எழுதுவது மட்டும் இடக்கை, மற்ற வேலையெல்லாம் வலக்கை என்றால்? யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆருக்கே இரண்டு கருத்துகளையும் குறித்து வைத்திருக்கிறது. எழுதும் கையா, உழைக்கும் கையா என்று வாதம் நீண்டுகொண்டே போகும். இதயம் இருக்கும் பக்கம்தான் மருந்து என்றால் கை மாற்றிக் கட்ட எப்படி விடுவார்கள்? வார் படும் இடங்கள் அக்குபங்சர் புள்ளிகளோடு ஒத்துப்போகின்றன என்று 2002-ல் ஒரு சீன மருத்துவ இதழில் கட்டுரை வந்தது உண்டு. அது வெறும் ஒப்பீடு. அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். பெற்றோரைப் பறிகொடுத்த யூதர், துக்கத்தின் முதல் நாளில் தெஃபிலின் கட்டவே மாட்டார். விதி அப்படி. துக்கத்தைத் தீர்க்கும் வார் என்று இதை விற்பவருக்கு இது தெரியுமா?

யூத மரபு துக்கத்தை உடம்பிலிருந்து பிடுங்கி எறியச் சொல்வதில்லை. உடம்பை வைத்துச் செய்யச் சொல்கிறது. பெற்றோருக்காக நெஞ்சின் இடப்பக்கத்தில் உடையைக் கிழிப்பார்கள். ஏழு நாள் தாழ்வாக உட்காருவார்கள். கிழித்ததை முப்பது நாள் கழித்து இழையோட்டிக்கொள்ளலாமே தவிர, கிழிசல் தெரியாதபடி ஒருபோதும் தைக்கக் கூடாது. பெற்றோருக்கான துக்க காலம் பன்னிரண்டு மாதம். அந்தக் கணக்கில் நீங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். எட்டு மாதமாகியும் நெஞ்சு கனக்கிறதே, நமக்கு ஏதோ கோளாறு என்று பயப்படாதீர்கள். ராத்திரி தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மட்டும் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே சரியாக வந்து, அப்புறமும் அக்குபங்சர் செய்து பார்க்க ஆசை என்றால் தடுக்கமாட்டேன். சிங்கப்பூரில் ஊசி போடுபவர் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பெயரை இணையத்தில் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். மேல்முதுகில் 'போ ஹூ' என்று ஒரு புள்ளி உண்டு. நுரையீரலில் வாழும் ஆன்மாவின் வாசல் என்பார்கள். 'விடுவிப்பு' ஆட்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். அதற்கு நேர் கீழே இருப்பது நிஜமான நுரையீரல், ஊசி ஆழமாகப் போனால் அது சுருங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊசி போடுபவருக்குச் சட்டம் உண்டு. தடவி 'விடுவிப்பவர்' வெல்னஸ் என்று பலகை மாட்டிக்கொண்டால் பதிவேட்டில் தேட ஒன்றுமில்லை. கேட்டால் அது சிகிச்சை இல்லையாம். சிகிச்சை இல்லையென்றால் இருமலோடு வந்தவரிடம் 1,800 வெள்ளி எதற்கு? தோழியையும் ஒரு வார்த்தை கேளுங்கள், ஆள் சேர்த்தால் அவருக்குத் தள்ளுபடி உண்டா என்று. பல இடங்களில் உண்டு. பாவம், அவருக்கே அது தப்பாகத் தோன்றியிருக்காது.

செலவுதான் கவலை என்றால் தோங் சாய் என்ற சீன மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். 1867-லிருந்து இனம், மதம் பாராமல் இலவசமாகப் பார்க்கிறார்கள். எக்ஸ்ரே முடிவைக் கையோடு எடுத்துப் போங்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.