ரெடிஸ் கிளஸ்டருக்கு எழுதிய மென்பொருளை ஒரே சர்வரில் ஓட்டலாமா?

"சிறிய நிறுவனம், ரெடிஸ் கிளஸ்டரை நம்பி எழுதிய மென்பொருள், கையில் இருப்பது ஒரே சர்வர், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒரே சர்வரில் ஓட்டுங்கள். ரெடிஸ் என்பது தரவை நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். பல ரெடிஸ்கள் தரவைப் பங்கிட்டுச் சேர்ந்து ஓடுவது கிளஸ்டர், அதில் ஒவ்வொன்றும் ஒரு நோடு. ஆறு நோடு இல்லாமல் ரெடிஸைத் தொடவே கூடாது என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகள் சிலவற்றுக்கு பில்லிங் மென்பொருள் பராமரிப்பது எங்கள் வேலை. எங்களுக்கு முன் அதைச் செய்து கொடுத்தவர்கள் மூன்று மாஸ்டர், அவற்றின் நகலாக மூன்று ரெப்ளிகா என்று புத்தகத்தில் உள்ளபடி கிளஸ்டர் அமைத்திருந்தார்கள். ஆனால் ஆறும் ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனிப் பெட்டிகள்போல் ஓடும் டாக்கர் கன்டெய்னர்கள். இயந்திரம் விழுந்தால் ஆறும் சேர்ந்துதான் விழும். அப்புறம் ரெப்ளிகா யாரைக் காப்பாற்ற?

ஒரு முகூர்த்த நாள் விடியற்காலையில் அது நடந்தது. மின்சாரம் போனது, யுபிஎஸ் தாங்கவில்லை. இயந்திரம் மீண்டும் எழுந்தபோது கன்டெய்னர்களின் ஐபி முகவரிகள் மாறியிருந்தன. ஒவ்வொரு நோடும் மற்றவற்றின் முகவரியைத் தன் நோட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்த முகவரிகளில் இப்போது தேடப்பட்ட நோடுகள் இல்லை. எதைக் கேட்டாலும் 'கிளஸ்டர்டவுன்' என்ற பதிலே வந்தது. நிரந்தரத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸில் கணக்கு முழுவதும் பத்திரமாக இருந்தும் விலைத் திரை வெறுமையாக நின்றது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லிகை மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒரு கடைக்காரர் பழைய நோட்டில் தாள் கிழித்து எடை, விலை, விவசாயி பெயர் என்று எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "தம்பி, மற்ற நாளில் நின்றால் பரவாயில்லை. இன்றைக்குமா?"

அதன்பிறகு கிளஸ்டரைக் கலைத்துவிட்டு ஒரே ரெடிஸாக மாற்றினோம். எங்களுக்கு ரெடிஸ் வெறும் கேஷ் (cache), அதாவது வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல். கேஷ் என்பது கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதிய விலை போன்றது. அழிந்தால் பேரேட்டைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். எனவே ரெடிஸ் பதில் சொல்லாவிட்டால் நேராக போஸ்ட்கிரெஸுக்குப் போகும்படி மென்பொருளைத் திருத்தினோம். வேலை நடக்கும் நேரத்தில் ரெடிஸை நிறுத்தியே சோதித்தோம். பில் சற்றுத் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. எனக்கு அந்தச் சோதனைதான் ஆறு நோடுகளைவிடப் பெரிய உத்தரவாதம்.

உங்களுக்கு வரப்போகும் தொல்லை வேறு. கிளஸ்டர் கிளையன்ட்டை (கிளஸ்டரோடு பேச மென்பொருள் பயன்படுத்தும் நிரல் நூலகம்) வைத்துத் தனி ரெடிஸோடு இணைந்தால், இங்கே கிளஸ்டர் வசதி முடக்கப்பட்டுள்ளது என்று பிழை வரும். சாதாரண கிளையன்ட்டுக்கு மாற்றுவதே நல்லது. மாற்ற முடியாத மென்பொருள் என்றால் கிளஸ்டர் வசதியை இயக்கி, கிளஸ்டர் தரவைப் பிரித்து வைக்கும் 16384 ஸ்லாட்டுகளையும் அந்த ஒரே நோடுக்கே ஒதுக்குங்கள். ரெடிஸோடு வரும் கிளஸ்டர் உருவாக்கும் கட்டளை மூன்று மாஸ்டருக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாது. ஸ்லாட்டுகளை நீங்களே கையால் ஒதுக்க வேண்டும். அப்படி ஓட்டினாலும் வெவ்வேறு ஸ்லாட்டில் விழும் கீகளை (தரவுக்கு வைத்த பெயர்களை) ஒரே கட்டளையில் கேட்டால் 'கிராஸ்ஸ்லாட்' பிழை வரத்தான் செய்யும்.

எப்படி ஓட்டினாலும் மேக்ஸ்மெமரியை, அதாவது ரெடிஸ் எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்ற அமைப்பை, மறக்காதீர்கள். 64 பிட் இயந்திரத்தில் இயல்பாக அதற்கு வரம்பே கிடையாது. வரம்பு வைத்தாலும், இயல்பான கொள்கை பழையதை வெளியேற்றாமல் புதிதாக எழுத மறுப்பதுதான். வெறும் கேஷ் என்றால், நெடுநேரம் தொடாததை முதலில் வெளியேற்றும் ஆல்கீஸ்-எல்ஆர்யூ கொள்கையை வையுங்கள். ரெடிஸ் இயல்பாகப் பயன்படுத்தும் 6379 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.

கிளஸ்டரே வீண் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தரவு ஓர் இயந்திரத்தின் நினைவகத்தில் அடங்காதவர்களுக்கும், ஒரே சர்வர் தாங்காத அளவு எழுதுகிறவர்களுக்கும் அது அவசியம். அதற்காகத்தான் 2015இல் ரெடிஸ் 3.0 அதைக் கொண்டுவந்தது. தரவு சிறியது, ஆனால் நிற்கவே கூடாது என்றால் ஒரு ரெப்ளிகாவும், மாஸ்டர் விழுந்தால் ரெப்ளிகாவை அதன் இடத்தில் ஏற்றும் சென்டினல் மூன்றும் போதும். அவற்றையாவது தனித்தனி இயந்திரங்களில் வையுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. ஓடாத ஆறு நோடுக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்தவர்கள், ஓடுகிற ஒன்றுக்கு "மதுரையில் இருந்துகொண்டு இவ்வளவு கேட்கிறீர்களே" என்றார்கள். சென்னையில் செய்தாலும் மதுரை இளந்தைக்குளத்தில் செய்தாலும் அது அதே வேலை. விடியற்காலை நான்கு மணிக்குப் போன் எடுப்பதற்கு ஊர் பார்த்துக் கூலி குறைப்பது நியாயமே இல்லை.

உங்கள் ரெடிஸில் இன்ஃபோ மெமரி என்ற கட்டளையைக் கொடுத்து, உச்சப் பயன்பாடு எவ்வளவு என்று கருத்தில் எழுதுங்கள். மேக்ஸ்மெமரிக்கு என்ன வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.