அந்துப்பூச்சி கேள்வி-பதில்: முதலில் காலை எண்ணுங்கள்

கே: ஆமணக்கு இலையில் வளைந்து வளைந்து நடக்கும் புழு ஜியோமெட்ரிடே குடும்பம்தானே? (சேலம்)

ப: இல்லை. ஜியோமெட்ரிடே ஓர் அந்துப்பூச்சிக் குடும்பம், அதைச் சேர்ந்தது ஜியோமெட்ரிட். வளைந்து நடந்தால் ஜியோமெட்ரிட் என்று யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ! மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. உங்கள் செடியில் இருப்பது ஆமணக்குக் காவடிப்புழு, அக்கேயா ஜனாட்டா. முன்பு நாக்டுயிடே குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது எரிபிடே குடும்பத்தில். படத்தைப் பெரிதாக்கி வயிற்றுக்கால்களை, அதாவது புழுவின் வயிற்றுப் பகுதியில் இருக்கும் சதைக்கால்களை, எண்ணிப் பாருங்கள். ஜியோமெட்ரிட் புழுவுக்கு வழக்கமாக இரண்டே ஜோடி: ஆறாவது வயிற்றுக் கண்டத்தில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று. காவடிப்புழுவுக்கு இடையில் இன்னும் ஜோடிகள் உண்டு. முன்ஜோடி மட்டும் சிறுத்துப் போயிருக்கும். நடுவில் கால் குறைந்தால் எந்தப் புழுவும் முதுகை வளைத்துத்தான் ஆக வேண்டும். அந்துப்பூச்சிகளில் இந்த நடை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, அதை வைத்து உறவு பேச முடியாது. உறவு பார்க்க வேண்டுமென்றால் வளர்ந்த பூச்சியின் வயிற்றின் தொடக்கத்தில் உள்ள செவியைப் பாருங்கள், அப்புறம் டிஎன்ஏ. இன்னொன்று: முதுகுப்பக்கம் மட்டும் எடுத்த படத்தை அனுப்பாதீர்கள். பக்கவாட்டில் எடுங்கள்.

கே: தேயிலையில் வளைந்து நடக்கும் லூப்பர் புழுவாவது ஜியோமெட்ரிட்தானா?

ப: ஆம். அசாம், வட வங்காள டுவார்ஸ் தோட்டங்களைப் படுத்தும் ஹைபோசிட்ரா தலாக்கா, என்னோமினே துணைக்குடும்பம். குடும்பத்தின் 24,000 சொச்சம் இனங்களில் பாதிக்கு நெருக்கமாக இதிலேயே இருக்கின்றன.

கே: சிங்கப்பூரில் அடுக்ககச் சுவரில் கையகலப் பழுப்புப் பூச்சி, நடுவில் வெள்ளைக் கோடு, பின்னால் வால். ஜியோமெட்ரிடா?

ப: லிஸ்ஸா சாம்பா. சில ஆண்டுகளில் மே, ஜூன் வாக்கில் கூட்டமாக வரும், 2014-இல் வந்ததுபோல. குடும்பம் யூரானிடே, ஜியோமெட்ரிட்களுக்குப் பங்காளி, ஒரே பெருங்குடும்பம். யூரானிடேயில் செவி ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு வேறிடம்.

கே: பச்சைப் பூச்சி, படம் இணைத்துள்ளேன். ஜியோமெட்ரினே சரியா?

ப: படம் மங்கல். ஊர் இல்லை, தேதி இல்லை. ஜியோமெட்ரினே பச்சைக்குப் பேர்போன துணைக்குடும்பம்தான், ஆனால் லாரன்டினே துணைக்குடும்பத்திலும் பச்சை உண்டு. நிறத்தை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

கே: ஜியோமெட்ரிடேயின் ஆர்க்கியாரினே துணைக்குடும்பப் புழுவுக்கு வயிற்றுக்கால்கள் அதிகம். மற்ற துணைக்குடும்பங்கள் இதிலிருந்துதானே வந்தன?

ப: இன்றிருக்கும் ஒரு கூட்டம் இன்றிருக்கும் இன்னொன்றுக்குப் பாட்டி ஆகாது. காலை வைத்து இதை மிகப் பழைய கிளை என்று முன்பு நினைத்தார்கள். டிஎன்ஏவை வைத்து வரைந்த உறவு மரத்தில் ஸ்டெரினே, லாரன்டினே என்ற துணைக்குடும்பங்கள் இரண்டும்தான் முன்னால் பிரிகின்றன. ஆர்க்கியாரினே என்னோமினே இருக்கும் பக்கம் போய்விட்டது.

கே: ஜியோமெட்ரிட் ஒன்று வண்ணத்துப்பூச்சி ஆகிவிட்டதாமே?

ப: பூச்சி அப்படியேதான் இருக்கிறது, நாம்தான் பெட்டியை மாற்றினோம். அமெரிக்க வெப்பமண்டலத்து ஹெடிலிடே, 35 இனங்கள் இருக்கும். வண்ணத்துப்பூச்சிகளின் உறவு என்று 1986-இல் பூச்சியியலாளர் ஸ்கோபிள் சொன்னார், டிஎன்ஏவும் அதையே சொல்கிறது.