நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லி அரசு யார் போனை வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்க முடியுமா?

முடியாது. வெள்ளைக்காரன் காலத்து 1885 தந்திச் சட்டமே இதற்கு ஒரு வாசற்படி வைத்திருந்தது: பொது நெருக்கடி இருக்க வேண்டும், இல்லையென்றால் பொதுப் பாதுகாப்புக்கு அது தேவைப்பட வேண்டும். அதைத் தாண்டிய பிறகுதான் நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு போன்ற காரணங்களையே பேசலாம்.

நடைமுறைக் கட்டுப்பாடுகள் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்தன. உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும். ஒரு மறுஆய்வுக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும். காலம் இரண்டு மாதம், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள்.

சரி, லஞ்ச வழக்குக்கு ஒட்டுக்கேட்கலாமா? இங்கேதான் சிக்கல். 2025 ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம் ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று ஏற்றது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், லஞ்சப் புகாருக்காக 2011இல் உள்துறை பிறப்பித்த உத்தரவை ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிப்பது வேறு, பொது நெருக்கடி வேறு என்பது அதன் வாதம். எனக்குச் சென்னைத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது.

ஆனால் பெரிய ஓட்டை வேறு. உத்தரவிடுபவரும் அதிகாரி, மறுஆய்வு செய்பவர்களும் அதிகாரிகள். பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும், அவசரம் தவிர, உயர் நீதிபதியாக இருக்கும் அல்லது இருந்த ஒரு நீதித்துறை ஆணையரும் ஒப்புக்கொள்ள வேண்டும். தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நம் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அப்படி ஒரு நீதிபதி இல்லை.