ஆய்வு சோறு போடுமா?

கடிதம்:

வணக்கம். நான் வட இலங்கையில், வன்னியில் உள்ள விசுவமடுக்காரன், இப்போது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். ஊர் ஆட்கள் சேர்ந்து வருடா வருடம் கொஞ்சம் காசு அனுப்புவோம். சைக்கிள், கொப்பி, சில வருடம் கோயில் திருப்பணி. இந்த முறை ஒரு நண்பர், காணி, கடன், தண்ணீர் என்று வன்னியில் அரசின் கொள்கைகள் என்ன செய்கின்றன என ஆராய்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஒரு நிதியம் தொடங்குவோம் என்றார். மற்றவர்கள் 'ஆய்வு சோறு போடுமா?' என்று சிரித்துவிட்டார்கள். என் மகள் இங்கே பொதுக்கொள்கை படித்தவள். அவளுடைய பல்கலைக்கழகமும் நன்கொடை கேட்டு எழுதுகிறது. உங்கள் அபிப்பிராயம் என்ன?

க., ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள க.,

சிரித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிச் சனம் நிரப்பிய படிவம் கொஞ்சமில்லை. முகாமில் ஒன்று, மீளக்குடியேறியதும் ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, வாழ்வாதாரத்துக்கு ஒன்று. முடிவு என்ன என்று திரும்பி வந்து சொன்னவர்கள் அருமை. 'எழுதிக்கொண்டு போய் என்ன பிள்ளை செய்யப்போறாய்?' என்று கேட்கிற ஆச்சிமாரிடம் நியாயம் இருக்கிறது.

அப்படியிருந்தும் உங்கள் நண்பர் பக்கம்தான் நான். நுண்கடனையே எடுங்கள். போர் முடிந்ததும் கம்பனிகள் வீடு வீடாக வந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்தன. கிழமையில் ஒரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடவேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களும் எழும்பிப் போகமுடியாது. 2018இல் அரசு ஒரு நிவாரணம் அறிவித்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன் எடுத்து மூன்று மாதமாகக் கட்டாமல் இருக்கிற பெண்களுக்கு அந்தக் கடன் தள்ளுபடி. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று தோட்டை அடகு வைத்துத் தவணை கட்டியவளுக்கு? ஒரு கம்பனியில் எடுத்து மற்றக் கம்பனிக்கு அடைத்தவளுக்கு? அவளுடைய பெயரில் நிலுவை இல்லை, ஆகவே நிவாரணமும் இல்லை.

அதை எழுதிய அதிகாரி கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. நிலுவை கம்பனிக் கணக்கில் தெரியும், அடகுக்கடைத் துண்டு தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள யாராவது அந்த முற்றத்தில் போய்க் குந்தியிருக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பஸ் பிள்ளை அப்படிப் போய்க் குந்தினாள். தருமபுரம் பக்கம். பெண்களின் கடன் புத்தகத்தைப் பார்த்து, எந்தக் கிழமை எவ்வளவு கட்டினார்கள் என்று எழுதி, அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொண்டே போனாள். நெல் விற்றது. தாயிடம் கைமாற்று. அடகு. அடகு. வேறு கடன். அந்தத் தாளைப் பார்த்தால் விளக்கவுரை தேவையில்லை. இறுதியாண்டு ஆய்வாக அதைக் கொடுத்தாள், நல்ல புள்ளி வந்தது, ஆய்வு அலுமாரிக்குள் போனது. பஸ்சுக்கும் போட்டோக்கொப்பிக்கும் எப்படியோ சமாளித்தவள், சிங்களத்தில் வந்த சுற்றுநிருபங்களைத் தமிழாக்கக் காசில்லாமல் அந்த அத்தியாயத்தையே விட்டுவிட்டாள். உங்கள் நிதியம் கொடுக்கவேண்டியது இந்தச் சில்லறைச் செலவைத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது, விண்ணப்பித்தால் அரச அலுவலகம் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஆனால் வருகிற கடிதத்தை வாசித்து விளங்கி, அடுத்த கேள்வியை எழுத ஆள் வேண்டுமே.

பொதுக்கொள்கை என்ற பெயரைத் தேடி அலையாதீர்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பொருளியல், சமூகவியல், புவியியல், சட்டம் படிக்கிற பிள்ளைகள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் யாருக்கு என்ற பிணக்கை அவர்களை விட்டுவிட்டு யார் ஆராய்வது? வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது.

வங்கியில் போட்டு வட்டியில் நடத்துவோம், முதல் அப்படியே இருக்கட்டும் என்று யாராவது சொல்வார்கள். அங்கே பெரிய பல்கலைக்கழகங்கள் அப்படித்தான் செய்கின்றன, வருடத்துக்கு நாலைந்து வீதம் மட்டும் எடுத்துச் செலவழிக்கும். இங்கே ரூபாவில் அதைச் செய்யாதீர்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த வருடம் வைப்பில் இருந்த காசின் கதியை நீங்களே யோசியுங்கள். சேருகிற காசை அந்தந்த வருடமே கொடுத்து முடியுங்கள்.

அப்புறம், முடிவு இப்படித்தான் வரவேண்டும் என்று யாரும் வாய் திறக்கக்கூடாது. காசு கொடுத்தவருக்குப் பிடிக்காத முடிவும் வரும். நம்மவர்களே நம்மவர்களுக்குக் காணி கொடுக்காத கதையும் வரும், மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தெரிவுக் குழுவில் ஊர்ச் சங்கத்து ஆட்கள் இருந்தால் மருமக்களுக்குத்தான் போகும், ஆகையால் அதை விரிவுரையாளர்களிடம் விட்டுவிடுங்கள். காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிற வேலையும் வேண்டாம். ஒரேயொரு நிபந்தனை போடலாம்: முடிவை ரெண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, தகவல் கொடுத்த கிராமத்து மாதர் சங்கத்தில் போய் வாசிக்கவேண்டும். ஆச்சி கேட்ட கேள்விக்கு அங்கே பதில் சொல்லட்டும்.

மகளுடைய பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கலாம், அது வேறு கணக்கு. எந்த நிதிக்கு என்று எழுதாவிட்டால் பொதுவில் கலந்துவிடும். சம்பளமில்லாத கோடைப் பயிற்சிக்குப் போகிற மாணவர்களுக்கென்று தனி நிதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அந்தப் பயிற்சிக்குப் போவார்கள். வருமானவரிப் பற்றுச்சீட்டு பதிவு செய்த தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். விசுவமடுவில் ஒருவரின் கணக்குக்கு நேரே போட்டால் கிடைக்காது, அதை உங்கள் ஆட்களுக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

சைக்கிளை நிறுத்தவேண்டாம். கோயில் ஒரு வருடம் பொறுக்கும்.

காசை ஆடிக்குள் சேர்த்துவிடப் பாருங்கள். சிறுபோகம் வெட்டி முடிந்து காலபோக விதைப்புத் தொடங்கும் முன், ஆவணி புரட்டாசியில்தான் இங்கே ஆட்களை வீட்டில் பிடிக்கலாம். மாரி தொடங்கினால் உள்வீதிகளில் மோட்டார்சைக்கிளும் போகாது.